குடிபெயர்ந்தோரின் அன்னை: புனித பிரான்செஸ்கா கபிரினி

யூபிலி என்றாலே மகிழ்ச்சிதான். ஆயினும் பழைய ஏற்பாட்டு மக்களுக்கு யூபிலி ஆண்டு எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதை இவ்வேளையில் நாம் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் அதைக் கூறுகிறது. ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்படும்போது, கடனாலும் வறுமையாலும் நிலத்தை இழந்து போனவர்கள் தத்தம் காணிக்கும் தத்தம் குடும்பத்துக்கும் திரும்பி வரவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் விதி. ஆக, யூபிலி என்பது ஊரில் இருப்பவர்கள் மட்டும் கூடி மகிழும் விழா அன்று. ஊரை விட்டுப் போனவர்களை நினைக்கும் விழாவும் ஆகும்.

இந்த நினைவோடு நமது பொம்மிடி இரயில் நிலையத்தில் ஒரு நாள் நின்று பார்ப்போம். மழை பொய்த்தால் வேலை பொய்க்கும் மண் நம் தருமபுரி மண். பெங்களூரின் கட்டட வேலைக்கும், திருப்பூரின் பனியன் தொழிலுக்கும், கேரளத்துக் கூலி வேலைக்கும் நம் மாவட்டத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு புறப்படுவது புதிய காட்சி அன்று. இப்போதோ எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் தமிழகத்துக்கு வேலை தேடி வருகின்றன. போகிறவர்களின் மூட்டை மேலும் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது; வருகிறவர்களின் மூட்டை மேலும் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது? எந்தச் சுகாதார நிலையத்தின் அட்டையில் இருக்கிறது? எந்தப் பங்கின் மறைக்கல்விப் பட்டியலில் இருக்கிறது? பெரும்பாலும் எதிலும் இல்லை என்பதே வருந்தத்தக்க விடை.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, அதற்குத் தம் உழைப்பால் விடையளித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் தருவது பொருத்தமாகும் என்று கருதினோம். அவரே குடிபெயர்ந்தோரின் பாதுகாவலி எனத் திருச்சபை போற்றும் புனித பிரான்செஸ்கா கபிரினி.

காகிதக் கப்பல்கள்

வட இத்தாலியில், லொம்பார்தி நாட்டுப்புறத்தில், சாந்த் ஆஞ்சலோ லோதிஜானோ என்னும் சிற்றூரில் 1850ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் பிரான்செஸ்கா பிறந்தார். தந்தை அகுஸ்தீனோ நிலத்தை உழுது வாழ்ந்தவர். தாய் ஸ்டெல்லா. குழந்தை பிறந்ததோ மாதம் நிறைவதற்கு முன்னே. பல பிள்ளைகள் பிறந்த அவ்வீட்டில் இளமையைக் கடந்து வாழ்ந்தவர்கள் நால்வர் மட்டுமே. இந்தக் குழந்தை பிழைக்குமா என்று வீட்டார் அஞ்சியதில் வியப்பில்லை. பிழைத்தது, ஆனால் மெலிந்த உடலும் அடிக்கடி வரும் நோயும் கடைசி நாள் வரை அவரை விட்டு நீங்கவில்லை.

மாலை வேளைகளில் மறைபரப்பாளர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது அவ்வீட்டின் வழக்கம். சிறுமியின் உள்ளம் சீன நாட்டை நோக்கிப் பறந்தது. விடுமுறைக்குத் தாய்மாமனான குருவின் வீட்டுக்குச் செல்லும்போது, அங்கே ஓடும் வாய்க்காலில் காகிதக் கப்பல்கள் செய்து விடுவாள். ஒவ்வொரு கப்பலிலும் ஊதாப் பூக்களை வைப்பாள். அந்தப் பூக்கள் சீனத்துக்குச் செல்லும் மறைபரப்பாளர்களாம்! ஒரு நாள் கால் தவறி அந்த நீரில் விழுந்தாள். காப்பாற்றப்பட்டாள் என்றாலும், அன்று பிடித்த தண்ணீர்ப் பயம் பின்னாளிலும் அகலவில்லை. கடலை இருபது தடவைக்கு மேல் கடக்கப்போகும் ஒருவருக்கு இறைவன் இப்படியோர் அச்சத்தையும் உடன் அனுப்பினார் என்பது நாம் நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஆசிரியைப் பயிற்சி பெற்று 1868இல் சான்றிதழ் பெற்றார். 1870இல் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பின்னர் நோயுற்றோரைக் கவனிக்கப் போன இடத்தில் அம்மை நோய் அவரையும் பற்றிக்கொண்டது. கன்னியர் மடத்தில் சேர விரும்பிக் கேட்டபோது, இந்த உடல்நிலை மடத்து வாழ்வைத் தாங்காது என்று கூறி மறுத்துவிட்டனர். தாம் பயின்ற பள்ளியை நடத்திய சகோதரிகளே மறுத்தது அவருக்குப் பெருந்துயரம்.

இந்நிலையில், கொதோஞ்ஞோ என்னும் ஊரில் சீர்கெட்டுக் கிடந்த ஓர் அநாதை இல்லத்தை ஒழுங்குபடுத்துமாறு 1874இல் அவரை அனுப்பினர். சில நாள் வேலை என்று சொல்லி அனுப்பிய இடத்தில் ஆறு ஆண்டுகள் துன்பப்பட்டார். முடிவில் ஆயர் அவ்வில்லத்தை மூடினார். மறைபரப்புக் கன்னியராக வேண்டும் என்று விரும்புகிறாயே, அப்படிப்பட்ட கன்னியர் சபை எதையும் நான் அறியேன், நீயே ஒன்றைத் தொடங்கு என்று அவரிடம் கூறினார். அவ்வாறே 1880 நவம்பர் 14ஆம் நாள், அதே ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பிரான்சிஸ்கு சபை மடத்தில், ஒரு சில தோழியருடன் இயேசுவின் திரு இருதய மறைபரப்புக் கன்னியர் சபை உதயமாயிற்று.

அவர் தம் பெயரோடு சவேரியார் பெயரையும் சேர்த்துக்கொண்டார் என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மணியடித்துக்கொண்டே தெருக்களில் சென்று பிள்ளைகளைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழில் கற்பித்ததும், நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளையே செபிக்க அனுப்பியதும் நாம் அறிந்தவையே. பிள்ளைகளுக்கு மறை, நோயுற்றோருக்கு ஆறுதல் என்னும் அந்த இரட்டைப் பணியே கபிரினி அன்னையின் கையிலும் பின்னர் தொடர்ந்தது.

கிழக்கே அன்று, மேற்கே

அன்னையின் ஆவல் சீனத்தின்மேல் இருந்தது. ஆனால் அக்காலத்தில் இத்தாலியில் வேறொரு பெருந்துயரம் நடந்துகொண்டிருந்தது. வறுமை தாங்காமல் உழவர்களும் கூலிகளும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினர். 1880க்கும் 1920க்கும் இடையே அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் சென்றனர். போன இடத்தில் மொழி தெரியாது. கங்காணிகள் கூலியில் பங்கு பிடித்தனர். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. பிள்ளைகள் தெருவில் பழைய துணி பொறுக்கினர், செய்தித்தாள் விற்றனர், காலணி துடைத்தனர். ஞானஸ்நானம் பெற்றிருந்தும் சிலுவை அடையாளம் வரையத் தெரியாத பிள்ளைகள் ஏராளம்.

இத்துயரைக் கண்டு நெஞ்சுருகிய பியச்சென்ஸா ஆயர் ஸ்கலபிரினி, அன்னையை அமெரிக்காவுக்குச் செல்லக் கேட்டார். அன்னை தயங்கினார். முடிவைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரிடம் விட்டார். கிழக்கே அன்று, மேற்கே செல்க என்று திருத்தந்தை பணித்தார். அத்துடன் சிறுவயதுக் கனவை மடித்து வைத்துவிட்டு, ஆறு கன்னியருடன் அன்னை கப்பலேறினார். 1889 மார்ச் 31ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்.

அங்கே அவர்களுக்கு வீடு ஒன்றும் தயாராக இல்லை. முதல் இரவை ஒரு மட்டமான விடுதியில் கழித்தனர். படுக்கையில் மூட்டைப்பூச்சி, ஆகவே படுக்காமல் நாற்காலியில் அமர்ந்து செபித்தபடியே விடிய வைத்தனர். மறுநாள் பேராயர் கோரிகனைக் கண்டபோது, அநாதை இல்லத் திட்டம் நின்றுவிட்டது, வந்த கப்பலிலேயே திரும்புவது நல்லது என்று அவர் கூறினார். திருத்தந்தை தம்மை இங்கே அனுப்பியிருக்கிறார், ஆகவே இங்கேயே இருப்பேன் என்று அன்னை பணிவோடும் உறுதியோடும் மறுமொழி சொன்னார். பேராயர் பிற்காலத்தில் அவருக்குத் துணை நின்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

கட்டடத்துக்குக் காத்திராத பணி

அடுத்து நடந்ததே நமக்கு முக்கியமான பாடம். பள்ளிக்குக் கட்டடம் இல்லை, பணமும் இல்லை. அன்னை காத்திருக்கவில்லை. இத்தாலியர் வாழ்ந்த பகுதியில் இருந்த புனித சுவக்கீன் கோவிலையே பள்ளிக்கூடமாக்கினார். பீடத்துக்கு எதிரே போடப்பட்டிருந்த இருக்கைகளே வகுப்பறையாயின. பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியிலேயே ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தனர். வகுப்பு முடிந்ததும் கன்னியர் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கே நடந்தனர். இருண்ட மாடிப்படிகளில் ஏறினர். கூடையோடு கடை கடையாகச் சென்று அரிசியும் ரொட்டியும் துணியும் யாசித்தனர். கன்னியர் தெருவில் பிச்சை எடுப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அதே ஆண்டில் ஓர் இல்லமும் திறக்கப்பட்டது.

1890இல் அட்சன் ஆற்றங்கரையில் மேற்குப் பூங்கா என்னும் இடத்தில், சேசு சபையாருக்குச் சொந்தமான ஒரு பெரிய நிலம் குறைந்த விலைக்கு வந்தது. விலை குறைந்ததற்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம். அன்னை துணிந்து வாங்கினார், செபித்தார், நிலத்தைச் சுற்றிப் பார்த்து ஓரிடத்தில் தோண்டச் சொன்னார். ஊற்று கிடைத்தது. நகரத்து நெரிசலில் வாடிய அநாதைப் பிள்ளைகள் அங்கே திறந்த வெளியில் வளர்ந்தனர். தண்ணீரின் அருமை அறிந்த நம் பகுதி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படிக்கப்படாத கடிதம்

அன்னை முதலில் மருத்துவப் பணியை விரும்பவில்லை. தம் கன்னியர் ஆசிரியைகள், செவிலியர் அல்லர் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையில் இத்தாலியத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று அவர் கையில் நெடுநாளாக இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அங்கிருந்தவர்களுக்கு அவர் மொழி தெரியாது. கன்னியர் வந்தபோதுதான் அது வாசிக்கப்பட்டது. அவருடைய தாய் இறந்துவிட்டாள் என்பதே அதில் இருந்த செய்தி. அத்தனை நாளும் தாய் இறந்ததை அறியாமலே அக்கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருந்தார் அந்த மகன்.

அக்காலத்திலேயே அன்னைக்கு ஒரு கனவும் வந்தது. மருத்துவமனை ஒன்றில் தேவதாய் கைச்சட்டையை மடித்துக்கொண்டு நோயாளிகளின் படுக்கைகளைச் சரிசெய்கிறார். உதவ ஓடிய அன்னையிடம், நீ செய்ய மறுத்ததை நான் செய்கிறேன் என்கிறார். அன்னை விழித்தெழுந்தார், அதற்குப் பின் தயங்கவில்லை. 1892இல், சொற்பப் பணத்தோடு, வாடகை வீடுகளில், சில படுக்கைகளோடு கொலம்பஸ் மருத்துவமனை தொடங்கிற்று. இத்தாலியரும் அமெரிக்கரும் ஒருங்கே மதிக்கும் பெயராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. மருத்துவர் சிலர் ஊதியம் பெறாமல் தொண்டு செய்ய முன்வந்தனர். சமயமோ இனமோ கேளாமல் ஏழைகள் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

அன்னையின் பணி நகரத்துக்கு நகரம் பரவிற்று. நியூ ஓர்லியன்சில் 1891இல் இத்தாலியர் 11 பேரை ஒரு கும்பல் கொன்றிருந்தது. மறு ஆண்டே அன்னை அங்கே கன்னியரை அனுப்பிப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்தார். 1905இல் அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, கன்னியர் இத்தாலியர் குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர். இந்த நோயைப் பரப்புவது கொசு என்பது 1900இல்தான் உறுதியாகியிருந்தது. இன்று நம் வீடுகளில் டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் அதே இனக் கொசுவே. தேங்கிய நீரை மூடவும் கொட்டவும் மக்களுக்குச் சொல்ல, அவர்கள் நம்பும் ஒருவர், அவர்கள் மொழியில் பேசும் ஒருவர் தேவை. அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே.

கொலராடோ மலைகளில் சுரங்கத் தொழிலாளரைச் சந்திக்கக் கன்னியர் பூமிக்கடியில் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கினர். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையைக் கோவேறு கழுதைமேல் கடந்தார் அன்னை. சிக்காகோவில் ஒரு பெரிய கட்டடத்தை மருத்துவமனைக்காக விலை பேசியபோது, அளவில் ஏமாற்று நடக்கிறதோ என்று ஐயுற்று, விடியற்காலையில் இரு கன்னியரை அனுப்பிக் கயிற்றால் நிலத்தை அளக்கச் செய்தார். விற்றவர்கள் சொன்ன அளவு குறைந்திருந்தது வெளிப்பட்டது. செபத்தில் ஆழ்ந்தவர், ஆனால் ஏழைகளின் காசில் ஒன்றையும் இழக்க விடாதவர்! 1909இல் சியாட்டில் நகரில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். குடிபெயர்ந்தோருக்குத் தொண்டு செய்தவர் தாமும் அவர்களில் ஒருவரானார்.

கடைசி நாள் இனிப்பு

1917 டிசம்பர் மாதம். அன்னை சிக்காகோ கொலம்பஸ் மருத்துவமனையில் இருந்தார். மலேரியாக் காய்ச்சல் அவரை வாட்டியிருந்தது. போர்க்காலம் என்பதால் பங்குப் பள்ளியின் பிள்ளைகள் 500 பேருக்கு அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இனிப்பு இல்லை என்று கேள்விப்பட்டார். அது கூடாது என்று சொல்லித் தம் செலவில் வாங்கச் செய்து, கன்னியரோடு அமர்ந்து தாமும் பொட்டலம் கட்டினார். மறுநாள், டிசம்பர் 22ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வயது 67. அவர் நிறுவிய பள்ளிகள், மருத்துவமனைகள், அநாதை இல்லங்கள், மடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் 67.

1938இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1946 ஜூலை 7ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரால் புனிதையாகவும் உயர்த்தப்பட்டார். அமெரிக்கக் குடிமக்களுள் முதலில் புனிதப் பட்டம் பெற்றவர் அவரே. 1950இல் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலி என அறிவிக்கப்பட்டார். மடத்தில் சேரத் தகுதியற்ற உடல் என்று கழிக்கப்பட்ட அந்த மெலிந்த பெண்ணை இறைவன் எவ்வளவு உயர்த்தினார்!

நமக்கு ஒரு சொல்

அன்பார்ந்த பங்கு மக்களே, புனிதர்களின் வரலாறு வாசித்து வியப்பதற்கு மட்டும் அன்று. அன்னை கடல் கடந்து தேடிச் சென்றவர்கள் இன்று நம் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். கட்டுமான இடத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் வெளிமாநிலக் குடும்பங்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கோவிலின் பின்புறம் நின்றுவிட்டு, யாரோடும் பேசாமல் போய்விடுவோரை நாம் கண்டதில்லையா? அவர்கள் பிள்ளைக்குப் புதுநன்மை எப்போது என்று நாம் என்றேனும் கேட்டோமா? அதேபோல், பெற்றோருடன் பெங்களூர் போய் ஆறு மாதம் கழித்து வந்த நம் பிள்ளையிடம், வகுப்புக்கு வரவில்லையே, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்வது எளிது. அடுத்த ஆண்டும் அக்குடும்பம் வேலைக்குப் போகும். அப்போதும் அதையே சொல்வோமா? அப்பிள்ளை வகுப்புக்கு வர இயலாவிட்டால், வகுப்பு அப்பிள்ளையிடம் போகவேண்டும் என்பதே கபிரினி அன்னையின் வழி.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் தரக்கூடிய இளைஞர் நால்வர், தாய்மார் நால்வர் போதும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மன்றாட்டும் மறையறிவும் கற்பிப்போம். பிற சமயப் பிள்ளைகளுக்கு அவர்கள் நம்பிக்கையை மதித்து, எழுத்தும் உடல்நலமும் கற்பிப்போம். சோப்பினால் கை கழுவுதல், வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தல், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசு தரும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் வாங்கிக் கொடுத்தல் ஆகியவை எவரும் சொல்லித்தரக்கூடியவையே. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துச் செல்லச் சொல்வோம். அதைக் காட்டினால் போகும் ஊரிலும் மீதித் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை ஆண்டின் இடையிலும் பள்ளியில் சேர்க்கவேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று மறுக்கக்கூடாது. இதை அறியாத பெற்றோரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்ப்பதும் ஒரு ஞானத் தொண்டே.

ஆலயம் புதுப்பித்தோம், கொடியேற்றினோம், மலர் வெளியிட்டோம் என்பதோடு நம் யூபிலி முடிந்துவிடக்கூடாது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளையின் பெயரை நம் மறைக்கல்விப் பட்டியலில் நாம் எழுதும் நாளே, இப்பங்கின் உண்மையான யூபிலி நாள் என்று கருதுகிறோம்.

குடிபெயர்ந்தோரின் அன்னையே, புனித பிரான்செஸ்கா கபிரினியே! பிழைப்புத் தேடிப் போன எங்கள் மக்களுக்காகவும், பிழைப்புத் தேடி எங்களிடம் வந்திருக்கும் மக்களுக்காகவும், அவர்கள் கைப்பிடித்து வரும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.